செல்ஃப் அடிக்குது, வண்டி பிடிக்கல

(கள்ளக்குறிச்சியில் ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், தொழிற்பயிற்சி மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பழைய வாகனங்களைப் பராமரிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேசி முடிக்க ஒரு வாரம் வேண்டும். ஆகவே ஒரே ஒரு கோளாறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலை 5 மணிக்கு நமக்கு வரும் போன் பெரும்பாலும் இந்தக் கோளாறுக்குத்தான். "அண்ணே, செல்ஃப் நல்லா அடிக்குது. ஆனா வண்டி பிடிக்க மாட்டேங்குது."

இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். செல்ஃப் அடிக்கிறது என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது. சாவி, ரிலே, சொலினாய்டு எல்லாம் வேலை செய்கின்றன. செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலைப் பிடித்துச் சுற்றுகிறது. இன்ஜின் ஜாம் ஆகவில்லை. பாதி வேலையை வண்டியே முடித்துக் கொடுத்துவிட்டது. மீதி இருப்பது மூன்று கேள்விகள். எரிபொருள் போகிறதா? பற்ற வேண்டிய நேரத்தில் நெருப்போ சூடோ கிடைக்கிறதா? உள்ளே காற்று சரியாக அமுங்குகிறதா?

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? பக்கத்தில் நிற்பவர் "பேட்டரிய மாத்து" என்கிறார். இன்னொருவர் "பம்ப்ப எறக்கிடு" என்கிறார். நான்கு பேர் பின்னால் போய்த் தள்ளுகிறார்கள். செல்ஃப் வேகமாகவே சுற்றுகிற வண்டியைத் தள்ளுவதால் என்ன புதிதாகக் கிடைக்கப்போகிறது? செல்ஃப் செய்கிற அதே சுற்றலைத்தான் தள்ளுபவர்களின் தோளும் செய்யும். தள்ளு ஸ்டார்ட் என்பது பேட்டரி படுத்த வண்டிக்கும் செல்ஃப் போன வண்டிக்கும் உரிய வைத்தியம். இந்த நோய்க்கு அது பயன்படாது.

இந்தக் கோளாறைப் பற்றி இங்கே, இந்த ஊரில் பேசக் காரணம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் எல்லாம் புதிய வண்டிகளாகத் தெரியும். அதை விட்டுக் காச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைப் பாதையில் ஏறுங்கள். வளைவுக்கு வளைவு பழைய வண்டிகள் எதிரே வரும். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம். கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, மணியார்பாளையம் என்று சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு வண்டி என்பது வெறும் வசதிப் பொருள் கிடையாது. மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போவது அதில்தான். காய்ச்சல் கண்ட குழந்தை கீழே வருவதும் அதில்தான். கீழ்நாட்டில் மூங்கில்துறைப்பட்டு, காச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்களில் எத்தனை இளமையானவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2022 ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பழைய வண்டியைக் கைவிடு என்பதே அதன் செய்தி. நகரத்தில் அது நியாயமாக இருக்கலாம். மலையில் ஒரு குடும்பம் இன்னும் பத்து வருடம் அந்த வண்டியை நம்பித்தான் வாழப்போகிறது. அவர்களிடம் நாம் ஊகித்து ஊகித்து உதிரிபாகம் மாற்றக் கூடாது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: மாற்றிப் பார்ப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு.

கண்டுபிடிப்பது எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால், காதிலிருந்து என்பேன்.

செல்ஃப் மோட்டார் வருவதற்கு முன் எல்லா வண்டியையும் ஹேண்டில் போட்டுத்தான் சுற்றினார்கள். சுற்றும்போது இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு ஒடியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்த ஆபத்து மெல்ல ஒழிந்தது. நம் பக்கத்தில் 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கி, செல்ஃப் மோட்டார்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகும் பல காலம் ஜீப்பிலும் அம்பாசிடரிலும் ஹேண்டில் இருந்தது. நான் தொழில் கற்றது அந்த ஹேண்டிலில்தான். சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஏறி அமுங்குவது உள்ளங்கையில் தெரியும். நான்கு முறை கனம், நான்கு முறை இளக்கம். ஒரு இடத்தில் கனம் குறைந்தால் அந்த சிலிண்டரில் வால்வு உட்காரவில்லை என்று கை சொல்லிவிடும்.

செல்ஃப் வந்தபின் கைக்கு அந்த வேலை இல்லை. அந்தச் செய்தி ஒலியாக இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல இன்ஜினில் செல்ஃப் அடித்தால் "ரவ்-ரவ்-ரவ்-ரவ்" என்று ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் கம்ப்ரஷன். நடுவில் ஒரு தட்டு விட்டுப்போனால் ஒரு சிலிண்டர் நோயாளி. தாளமே இல்லாமல் மிக்சி ஓடுவது போல் ஒரே இழுப்பாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்த வண்டியில் மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். சில இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். இழுத்து இழுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றினால் பேட்டரியில் பலம் போதவில்லை.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. செல்ஃப் சுற்றுகிறது என்பதற்காகப் பேட்டரியை முழுதாக நம்பிவிடவும் கூடாது. சும்மா இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கிற நேரத்தில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், மோட்டாரைச் சுற்றவே அதன் பலம் சரியாகிவிடுகிறது, காயிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் மிச்சமில்லை என்று பொருள். டீசலில் வேகம் குறைந்தால் அமுங்கும் காற்று சூடேறுவதற்குள் சூடு சுவர் வழியாக வெளியேறிவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவும், சேசிஸில் துருப்பிடித்த எர்த் ஒயரும் செய்கிற கெடுதலைப் புதுப் பேட்டரி வாங்கித் தீர்க்க முடியாது. சுடுதண்ணீரும் உப்புத்தாளும் போதும்.

காதுக்கு அடுத்தது வாய். பானெட்டைத் திறப்பதற்கு முன்பு வண்டிக்காரரிடம் கேளுங்கள். கடைசியாக எப்போது ஓடியது? ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றதா, நிறுத்தி வைத்த பிறகு எடுக்கவில்லையா? நின்றது பட்டென்றா, திணறித் திணறியா? பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். திணறி நின்றால் எரிபொருள். நேற்று யார் அதில் கை வைத்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள்? எந்த பெட்ரோல் பங்கில், எப்போது அடித்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தப்போய் நான் ஒருவருக்குச் செய்த தவற்றை உங்கள் முன் சொல்ல வேண்டும்.

நான் தனியாகக் கொட்டகை போட்ட புதிது. மலையிலிருந்து ஒருவர் டீசல் ஜீப்பை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். செல்ஃப் அருமையாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. சைலன்சரில் புகையே இல்லை. டீசல் போகவில்லை என்று சரியாகத்தான் கணித்தேன். அடுத்த நொடியே பம்ப் போச்சு என்று முடிவு கட்டினேன். பம்பைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பினேன், நாசில்களையும் சேர்த்து. திரும்பி வர 11 நாள். மாட்டினேன், ஏர் எடுத்தேன், செல்ஃப் அடித்தேன். பிடிக்கவில்லை.

அன்று டீ குடிக்க ஒதுங்கிய ஒரு வயதான டிரைவர், கையில் டம்ளரோடு எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏம்பா, ஸ்டாப்பர் திரும்பி வந்திருக்கா பாரு."

தம்பிகள் சிலருக்கு ஸ்டாப்பர் தெரியாமல் இருக்கலாம். பழைய டீசல் வண்டிகளில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது. டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும், அதை இழுக்க வேண்டும். அதன் கேபிள் பம்பில் இருக்கும் ஒரு சிறு நெம்புகோலை இழுத்து டீசலை அடைக்கும். குமிழை விட்டால் ஸ்பிரிங் அந்த நெம்புகோலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த ஜீப்பில் மலை ஈரத்தில் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, இழுத்த இடத்திலேயே நின்றிருந்தது. பம்ப் அடைத்தபடி இருந்தது. பம்பைக் கழற்றும்போது அந்தக் கேபிளைக் கழற்றியவன் நான். மாட்டியவனும் நான். இரண்டு முறையும் என் கை அதைத் தொட்டது, என் கண் அதைப் பார்க்கவில்லை. விரலால் தள்ளினேன். ஒரு சுற்றில் பிடித்தது.

அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 11 நாள் சவாரியை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்று முதல், செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கிச் செலவுள்ள இடத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன்.

டீசல் வண்டியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். மலையில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை அதுதானே. டீசலில் பிளக் பொறி கிடையாது. காற்றைச் சுமார் இருபது மடங்கு அமுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றும். 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய அதே தத்துவம். அந்தத் தூவலைச் சின்ன வண்டிகளுக்கும் பொருந்தும்படி ஆக்கியது 1927இல் பாஷ் நிறுவனம் கொண்டுவந்த பம்ப். நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் மைகோ பம்ப் என்கிறோமே, 1951இல் தொடங்கிய அந்தப் பெங்களூர் மைகோ பாஷின் கிளைதான்.

செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். வெள்ளையாக, கண் எரிகிற புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. சூடு குறைவு, அல்லது கம்ப்ரஷன் குறைவு, அல்லது டைமிங் தவறு. புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு பார்வை வேலையை இரண்டாகப் பிரித்துவிடும். காசு செலவில்லாத இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

வெள்ளைப் புகை, அதுவும் மார்கழிக் காலையில் மட்டும் என்றால், ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். மகேந்திராவின் பழைய ஜீப்புகளில் பிஜோ உரிமத்தில் செய்த 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. இன்ஜின் இருந்தது. அதற்கு ஹீட்டர் சூடாகாமல் குளிரில் பிடிக்காது. டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, ஒயரைக் கழற்றிய ஹீட்டர் பிளக்கின் முனையில் ஊசியை வையுங்கள். விளக்கு எரிந்தால் பிளக்கின் உள்ளே கம்பி அறுபடவில்லை. நான்கில் இரண்டு இருட்டாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

புகை இல்லாத வண்டிக்கு வருவோம். சில வருடம் முன்பு சேராப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அழைத்தார். பிக்கப் வண்டி. முந்தின மாலையே மரவள்ளி ஏற்றி வைத்திருந்தார். மூன்று நாளாகக் காலையில் மக்கர். அரை மணி நேரம் செல்ஃப் அடித்தால் ஒருவழியாகப் பிடிக்கிறது, பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேர் வந்து பார்த்து, ஃபில்டர் மாற்றியாயிற்று, ஃபீட் பம்ப் மாற்றியாயிற்று.

"தம்பி, ராத்திரி வண்டிய எங்க நிறுத்துற?"

"வாசல்லதான்ணே. மூஞ்சி மேட்டப் பாத்து."

"எப்பவும் அப்படித்தானா?"

"இல்லண்ணே, எறக்கத்தப் பாத்துத்தான் நிறுத்துவேன். இப்ப மூணு நாளா எதிர்ல செங்கல் கொட்டி வச்சிருக்காங்க."

"கீழ சமதரையில ராத்திரி நிறுத்திப் பாத்தியா?"

"ஒரு நாள் ஆத்தூர்ல தங்குனேன். காலைல டக்குனு எடுத்துச்சு."

விடை அங்கேயே வந்துவிட்டது. மீதி அதைக் கண்ணால் பார்ப்பதுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் மயிரிழை விரிசல் இருந்தால் டீசல் ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஒழுகாததால் யாருக்கும் தெரியாது. வண்டியை மூக்குத் தூக்கி நிறுத்தினால் டேங்க் பள்ளத்தில், இன்ஜின் மேட்டில். இரவெல்லாம் அந்த விரிசல் வழியே காற்று ஏற ஏற, குழாயில் நின்ற டீசல் கிணற்றுக் கயிறு போல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் வெறும் காற்றை இழுக்கும்.

ஃபீட் பம்புக்கு வரும் குழாயில் ஒரு முழம் கண்ணாடி டியூப்பை இணைத்தேன். பிரைமரைக் கையால் அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினோம். முதலில் சீறல். பிறகு சோப்பு நுரை போல. நுரை ஓய்ந்து டீசல் தெளிந்து வந்ததும் ஸ்க்ரூவை முறுக்கிச் செல்ஃப் அடித்தால் பிடித்துவிட்டது. அதோடு விட்டுவிட்டால் அது ஏர் எடுத்தது மட்டும்தான், கோளாறு அப்படியே இருக்கும். இன்ஜின் ஓடும்போது அந்த டியூப்பைப் பார்த்தோம். மஞ்சள் டீசலுக்குள் மிளகு மிளகாக முத்துகள், ஒன்றன்பின் ஒன்றாக, பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தன. டேங்க் பக்கம் போகப் போக ஒவ்வொரு இணைப்பாகத் துணியால் துடைத்து, கையால் அழுத்திப் பார்த்தேன். ஒரு ரப்பர் ஹோஸ் கிளிப்பின் அடியில் விரலை வைத்ததும் முத்துகள் நின்றன. விரலை எடுத்ததும் வந்தன. கிளிப் கடித்த இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. அந்த முனையை ஒரு விரல் அகலம் அறுத்துவிட்டு மறுபடி மாட்டினோம். ஒரு பாகமும் வாங்கவில்லை.

டீசல் பாதையில் இன்னொரு எதிரி தண்ணீர். மழைக்காலத்தில் கேனில் வாங்கி ஊற்றுகிற டீசலில் அது எளிதில் சேரும். ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும்.

பெட்ரோல் வண்டியில் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது அளவுக்கு மீறி நனைந்துவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பழைய அம்பாசிடர், பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பொறி பார்க்கும்போது பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள், பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பார்க்காதீர்கள். பொறி நீலமாக, சத்தத்தோடு தாவ வேண்டும். மஞ்சளாகச் சோம்பலாக இருந்தால் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகிக்கலாம்.

சி.பி. பாயிண்ட் வைத்த வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றாலே பாயிண்ட் முகத்தில் ஒரு மங்கல் படியும். கண்ணுக்குச் சரியாகவே தெரியும், கரண்ட் மட்டும் தாண்டாது. உப்புத்தாளை மடித்து இரண்டு முறை இழுத்து, பிறகு சுத்தமான அட்டையால் துடைத்து, 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்தால் போதும். வெள்ளிமலையில் பனிமூட்டக் காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வியர்த்திருக்கும். மூடியைக் கழற்றி அடுப்பங்கரையில் பத்து நிமிடம் வைத்து எடுத்து மாட்டிய டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரியான வைத்தியம்தான் அது. இன்னொன்றும் உண்டு. 2,700 அடி உயரத்தில் காற்று கீழ்நாட்டைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கீழே அளவாக இருந்த கலவை மேலே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். சோக்கை இழுத்து இழுத்து ஊறவைத்துவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். அதிகப்படி பெட்ரோலைக் காற்று துடைத்துக்கொண்டு போகும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதில் ஒரு பகுதி நம் கரும்பு வழி வருவது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதை நினைத்துச் செய்யாத பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் உப்பவைக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கார்புரேட்டர் தொட்டியை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளும் இன்று பழைய வண்டி ஆகிவிட்டன. அவற்றில் சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி டேங்க் பக்கம் 'ம்ம்ம்' என்று பம்ப் முனகும். அது கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, அதன் பிறகுதான் பம்ப். டேஷில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை, இன்ஜின் மீது ஒரு குற்றமும் இல்லை. அறுவடைக் காலத்தில் வயலோரம் நிற்கும் வண்டியில் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள். ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அது கிராங்க் சென்சார் என்று காட்டினால், சென்சாருக்குப் போகும் ஒயரும் இணைப்பும் அந்தப் பெயருக்குள்தான் அடங்கும். பெயர் வந்தவுடன் பாகத்தை வாங்க ஓடாதீர்கள்.

உயிர் போகிற சில காரியங்கள் இந்தக் கோளாறைச் சுற்றி நடக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் இறங்கினால் நான் கடமை தவறியவன்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு செல்ஃப் அடிக்காதீர்கள். எதிர்த்து ஒரு தீ நாக்கு வந்தால் முகம் போகும். ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், மேனிஃபோல்டு வெடிக்கும். பழைய பம்பில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாம், ஆனால் கையை அருகில் வைக்கக் கூடாது. காமன் ரெயில் டீசலில் அந்த வேலையே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல். அந்த ஊசித் தாரை தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். வலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போகாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அறுவை சிகிச்சை தேவைப்படும். செல்ஃபை ஒரு மூச்சில் 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், அரை நிமிடம் ஆறவிட்டு அடியுங்கள்.

மலை ஓட்டுநர்களே, இது உங்களுக்கு. எடுக்காத வண்டியை நியூட்ரலில் மலைப்பாதையில் உருட்டிக்கொண்டு கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு வேக்குவம் உதவி கிடையாது. இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் வளைவில் சக்கரம் லேசில் திரும்பாது. லோடோடு இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி அங்கேயே நிற்கட்டும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிழங்கு ஒரு நாள் தாமதமாகப் போகட்டும்.

என் தொழில் தோழர்களிடம் இரண்டு வேண்டுகோள். கழற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். பில்லில் மாற்றிய பாகத்தின் பெயரை மட்டும் எழுதாமல், என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். "ஹோஸ் கிளிப் அடியில் விரிசல், டியூப்பில் காற்று தெரிந்தது" என்று எழுதினால் அடுத்த முறை அதே வண்டி எந்த ஊரில் நின்றாலும் அந்த மெக்கானிக்குக்கு அது உதவும். டூல் பாக்ஸில் ஒரு டெஸ்ட் லேம்பும் ஒரு முழம் கண்ணாடி டியூப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல ஸ்பேனர் விலைகூட ஆகாது.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் பானெட்டைத் திறங்கள். வீட்டில் யாரையாவது உள்ளே உட்கார வைத்து ஸ்டாப்பர் குமிழை இழுத்து விடச் சொல்லுங்கள். பம்பில் அந்த நெம்புகோல் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கேபிளில் நான்கு சொட்டு எண்ணெய் விடுங்கள்.